தளைக்கயிறும் இரண்டாவது கயிறும்

அப்பாவின் தளைக்கயிறு எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஆணியில் என்னுடைய ஹார்னஸ், இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு கயிற்றில் தொங்குகிற வார். தேங்காய் வெட்டுக்குக் கூப்பிட வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, "எதுல தம்பி ஏறுவீங்க?" என்று கேட்பார்கள். ரெண்டையும் போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன் என்பேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிக்குத் தெற்கே, புது ஆற்றின் கடைமடை. 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் இன்றைக்கும் புது ஆறு என்றுதான் சொல்வோம். தண்ணீர் வந்த வருஷம் நெல், வராத வருஷம் கடன் என்று கிடந்த நிலமெல்லாம் மெல்ல மெல்லத் தென்னைக்கு மாறியது. நிலம் இருந்தவர்கள் மரம் வைத்தார்கள். நிலம் இல்லாத நாங்கள் மரம் ஏறினோம். தாத்தா ஏறினார், அப்பா ஏறினார், சித்தப்பா ரெண்டு பேரும் ஏறினார்கள்.

அப்பா வெட்டுக்குக் கிளம்பும்போது உடம்பில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். முட்டிக்கு மேலே நிற்கும் காக்கி டவுசர். மேலே ஒன்றும் கிடையாது. தலையில் துண்டை உருமாக் கட்டியிருப்பார். இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு, அதன் பின்பக்கம் கொக்கி மாதிரி செதுக்கிய ஒரு மரத்துண்டு. அதில் அருவாள் தொங்கும். அருவாளின் வெட்டுவாய் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். உள்பக்கம் திரும்பினால் முதுகைக் கிழித்துவிடும். தோளில் தளைக்கயிறு. அவ்வளவுதான். மொத்தமாக எடை போட்டால் ரெண்டு கிலோ தேறாது.

தளைக்கயிறு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னநார்க் கயிற்றை முறுக்கிக் கட்டிய ஒரு வளையம். ரெண்டு பாதத்தையும் அதற்குள் விட்டு, பாதங்கள் மரத்தின் ரெண்டு பக்கமும் கவ்வும்படி நிற்க வேண்டும். கையால் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காலை மேலே இழுத்து, தளையை மரத்தில் அழுத்தி, காலை நீட்டி உடம்பை உயர்த்துவது. பாதத்தை விலக்கப் பார்க்கிற எடையே கயிற்றை இறுக்கும், இறுகிய கயிறு பாதத்தை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும். அப்பா ஏறுவதற்கு முன்னால் தளையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிவார். காய்ந்த நார் வழுக்கும், நனைந்த நார் பிடிக்கும். இப்போது சில பேர் சைக்கிள் டியூபை வெட்டித் தளை போடுகிறார்கள். பிடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலில் வெடித்து வெடித்து எப்போது அறும் என்று சொல்ல முடியாது. நார் அறுவதற்கு முன்னால் இழை இழையாகப் பிரிந்து காட்டும்.

அப்பாவின் பாதத்தைப் பார்த்தால் தளை எங்கே உட்காரும் என்று கோடு போட்ட மாதிரி தெரியும். பாதத்தின் மேல்பக்கம், விரல்களுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்துத் தடித்த காய்ப்பு. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே கொட்டாங்கச்சி வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். நெஞ்சிலும் அப்படித்தான். மரத்தைக் கட்டிப்பிடித்து இறங்கி இறங்கி, மார்பின் நடுவில் முடி முளைக்காமல் போய், தோல் மாட்டுக் கழுத்து மாதிரி சொரசொரத்துவிட்டது. முன்கையின் உள்பக்கமும் அதேதான். சட்டையும் கையுறையும் இல்லாத ஆளுக்கு உடம்புதான் சட்டை, உடம்புதான் கையுறை. முப்பது வருஷம் போட்டுத் தேய்ந்த சட்டை.

2009-ல் அப்பா விழுந்தார். சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு தோப்பு. அறுபதடி மரம். ஏறி முடித்து, மட்டைகளுக்கு நடுவே நுழைய ஒரு மட்டையைப் பிடித்தார். பச்சை மட்டைதான். ஆனால் அடியில் கூன்வண்டு துளைத்துக் குடைந்திருந்தது கீழேயிருந்து தெரியவில்லை. மட்டை கையோடு வந்துவிட்டது. பாதி தூரம் மரத்தைக் கட்டிக்கொண்டே வழுக்கி, மீதி தூரம் விழுந்தார். வாய்க்கால் ஓரத்து ஈர மண் என்பதால் உயிர் இருந்தது. இடுப்பெலும்பு உடைந்தது. தோப்புக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகை கொடுத்தார், பிறகு வரவில்லை. அவரை இன்றைக்கும் கடைத்தெருவில் பார்க்கிறேன், பேசுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அப்பாவை மரத்தோடு பிடித்துவைக்க அவருடைய ரெண்டு கையைத் தவிர வேறு எதுவுமே இல்லை. ஒரு கை மட்டையில் இருந்தது. தளை காலைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது.

அதற்கப்புறம் வீட்டில் என்னை மரம் பக்கம் விடவில்லை. 2012-ல் சிங்கப்பூர் போனேன். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாம் கட்டட வேலைக்குப் போவார்கள். எனக்கு அமைந்தது மரம் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி. முதல் ஒன்பது மாசம் கீழேதான். வெட்டி இறக்கிய கிளைகளை இழுத்து, பொடியாக்கும் மெஷினில் தள்ளுவது, இலை கூட்டுவது. அந்த ஊர் ரோடு முழுக்க நம்ம தூங்குமூஞ்சி மரம். தஞ்சாவூர் ரோட்டில் நிற்கிற அதே மரம். அங்கே அதற்கு ஆள் அனுப்பிச் சோதித்துக் கவாத்து செய்கிறார்கள். மேலே ஏறுகிற ஆட்களைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். தென்னை ஏறுகிற வீட்டுப் பிள்ளை என்று யாரோ சொல்லி, சூப்பர்வைசர் ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்தினார்.

பயிற்சி கொடுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்க்காரர். கொஞ்சம் தமிழ் பேசுவார். முதல் நாள் என்னை மரத்தின் பக்கமே விடவில்லை. தரையில் ஒரு தார்ப்பாயை விரித்து, எல்லாச் சாமானையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தடவிப் பார், இழுத்துப் பார், மடக்கிப் பார் என்றார். ஹார்னஸின் தையல் நூல், வாரின் நிறத்திலிருந்து வேறாக இருக்கும். நூல் தேய்ந்தால் உடனே கண்ணில் படுவதற்காக அப்படித் தைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நனைத்துப் பிழிந்த தளைதான் ஞாபகம் வந்தது. அப்பாவும் கயிற்றைப் பிழியும்போது இழை இழையாகத்தான் பார்ப்பார்.

கட்டட வேலைக்காரர்கள் போடுகிற பெல்ட்டும் மரம் ஏறுகிறவன் போடுகிற ஹார்னஸும் ஒன்றில்லை. இதை நம் ஊரில் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டடத்து ஹார்னஸில் முதுகுக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கும். விழுந்தால் பிடிப்பதற்கு அது. மரம் ஏறுகிறவன் தொங்கிக்கொண்டே வேலை செய்கிறவன். அதனால் எடை இடுப்பிலும் ரெண்டு தொடையிலும் உட்கார வேண்டும், வளையம் தொப்புளுக்கு முன்னால் இருக்க வேண்டும், ரெண்டு பக்க இடுப்பிலும் தனியாக வளையம் வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் போட்டுக்கொண்டு விழுந்தால், மொத்த எடையும் வயிற்றிலும் விலாவிலும் ஒரே இடத்தில் வெட்டும். தலைகீழானால் உருவிக்கொண்டும் போய்விடும். கடைவீதியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி மாட்டிக்கொண்டு, நானும் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைப்பது பெரிய ஆபத்து.

கயிறு பதினோரு மில்லிமீட்டரிலிருந்து பதின்மூன்று மில்லிமீட்டர் வரைக்கும். உள்ளே பின்னல் இழை, மேலே உறை. ஐரோப்பியத் தரத்தில் இந்த வகைக் கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும், அதாவது இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். என் எடை அறுபத்தெட்டு. அப்புறம் எதற்கு இவ்வளவு? தொங்குகிற எடை வேறு, விழுந்து சட்டென்று நிற்கும்போது கயிறு தாங்குகிற எடை வேறு. முடிச்சு போட்ட இடத்தில் பலம் குறையும். மழை, வெயில், பிசின், மண் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை மரத்தில் போடுவது தனி வித்தை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பை, உள்ளே ஈயக் குண்டு. மெல்லிய நூல்கயிற்றில் கட்டி வீசினால் கவட்டைக்கு மேலே போய்க் கீழே இறங்கும். நூலைப் பிடித்துப் பெரிய கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். இழுத்த கயிற்றில் ஓர் உராய்வு முடிச்சு. ஒரு கயிற்றின் மேலே இன்னொன்றைச் சுற்றிப் போடுகிற முடிச்சு அது. எடை விழுந்தால் இறுகி நிற்கும், கையால் தளர்த்தினால் நகரும். கார்ல் புருசிக் என்கிற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் எழுதிவைத்த முடிச்சின் வழியில் வந்தவை இவை. எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. எடை விழுந்தால் இறுகும், எடை எடுத்தால் நகரும் என்றால் அது தளைதானே.

கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காரபினர் என்பார்கள். சாதாரணமாக அழுத்தினால் திறக்கிற கொக்கி கிளையில் உரசியே திறந்துவிடும். எங்களுடையது மூன்று அசைவுக்குத்தான் திறக்கும். மேலே தள்ளி, திருப்பி, பிறகு அழுத்த வேண்டும். தற்செயலாக ஓர் அசைவு நடக்கலாம், ரெண்டு நடக்கலாம், மூன்றும் வரிசையாக நடக்காது.

தலைக்கவசத்திலும் அப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டட வேலைக் கவசத்தின் தாடைவார், ஓரளவு இழுவை வந்தால் அவிழ்ந்துவிடும்படி செய்யப்பட்டது, எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதற்காக. மலையேறுகிறவர்களின் கவசத்தில் வார் அவிழவே கூடாது, விழும்போது தலையோடு இருக்க வேண்டும். மரத்தில் நாங்கள் போட்டது இந்த இரண்டாவது வகை. அண்ணாந்து பார்த்தால் கழன்று விழாது. அண்ணாந்து பார்க்காமல் மரவேலையே கிடையாது.

ரம்பம் பிடிக்கிறவனின் கால்சட்டையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெளியே பார்த்தால் முரட்டுத் துணி, அவ்வளவுதான். ஒரு நாள் எங்கள் ஆள் ஒருவருக்கு மோட்டார் ரம்பம் தொடையில் பட்டுவிட்டது. ரம்பம் 'கர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அவர் வெள்ளைவெளேர் என்று நின்றார். கால்சட்டை கிழிந்து உள்ளேயிருந்து நீள நீளமாக வெள்ளை இழை கொத்தாக வெளியே வந்து, ரம்பத்தின் பல்சக்கரத்தைச் சுற்றி முழுக்கச் சிக்கியிருந்தது. நம்ம பன்னாடையைப் பிய்த்துப் போட்ட மாதிரி. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த உடை பிளேடைத் தடுப்பதில்லை, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்துகிறது. ஒரு தடவை வெட்டுப்பட்டால் அந்தக் கால்சட்டை முடிந்தது, தைத்துப் போடக் கூடாது. அவர் அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

இத்தனையிலும் எனக்குள் ஆழமாக இறங்கியது ஒரே ஒரு விதி. மரத்தில் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ரெண்டு கட்டு. மேலே போகிற கயிறு ஒன்று, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி வருகிற குட்டைக்கயிறு ஒன்று. ஒன்றை அவிழ்க்க வேண்டுமென்றால் மற்றது மாட்டியிருக்க வேண்டும். அந்த மலாய்க்காரர் இதை மட்டும் தமிழில்தான் சொல்வார். "ஒண்ணு போனா ஒண்ணு." முதல் தடவை அதைக் கேட்ட ராத்திரி, தங்கியிருந்த இடத்தில் படுத்துக்கொண்டு சேதுபாவாசத்திரத்து மரத்தைத்தான் நினைத்தேன். மட்டை கையோடு வந்தபோது அப்பாவுக்கு இன்னொன்று இருந்திருந்தால்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. மறுநாள் போனில் வந்த படங்களைப் பார்த்தபோது எது யார் தோப்பு என்றே அடையாளம் தெரியவில்லை. லட்சக்கணக்கான தென்னை. படுத்த மரம், பாதியில் முறிந்த மரம், தலை திருகிய மரம். 2019 தை மாசம் ஊருக்கு வந்துவிட்டேன், திரும்பிப் போகவில்லை. கூரை மேலே சாய்ந்து நின்ற மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கத் தெரிந்த ஆள் அப்போது எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு. அப்படித்தான் இந்தத் தொழில் எனக்கு ஊரிலேயே அமைந்தது. புளி, வேம்பு, தூங்குமூஞ்சி என்று வீட்டோரத்து மரங்கள் ஒரு பக்கம். மிச்சம் நின்ற தென்னைகளில் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு இன்னொரு பக்கம்.

கொண்டுவந்த பையை முதல் தடவை அவிழ்த்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "இம்புட்டு பாரத்தையும் தூக்கிக்கிட்டு எப்ப தம்பி மரம் ஏறுவ?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. சிங்கப்பூரில் கற்ற வித்தையில் பாதி தென்னைக்கு ஆகாது. தென்னைக்குக் கவட்டை கிடையாது. ஈயக்குண்டுப் பையை எங்கே வீசுவது? மட்டைமேல் கயிற்றைப் போட்டுத் தொங்கினால் அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்.

காலில் மாட்டும் இரும்பு முள்ளும் ஆகாது. வெட்டிச் சாய்க்கப் போகிற மரத்தில் மட்டும்தான் அங்கே அதைப் போட விடுவார்கள். உயிரோடு வைத்திருக்கப் போகிற மரத்தில் முள் குத்துவதில்லை. தென்னையில் அது இன்னும் மோசம். வேம்புக்கோ புளிக்கோ காயம் பட்டால் பட்டைக்கு அடியில் வளர்கிற அடுக்கு ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வரும். தென்னைக்கும் பனைக்கும் அந்த அடுக்கே கிடையாது. குத்தின ஓட்டை மரம் சாகிறவரை ஓட்டைதான். சாறு கசிந்தால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். மரத்தில் படி வெட்டி ஏறுகிறார்களே, அதுவும் இதே கதைதான். தோப்புக்காரர்கள் ஏறுகிற ஆளுக்கு வசதி என்று நினைத்து வெட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள், வெட்டவும் சொல்லாதீர்கள்.

கடைசியில் அப்பாவும் நானும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். காலுக்கு அப்பாவின் தளை. பூட்ஸ் வேண்டாம், தென்னையில் பாதம் மரத்தைத் தொட்டு உணர வேண்டும், இதில் நான் அப்பா கட்சி. இடுப்புக்குத் தொடைவார் உள்ள ஹார்னஸ். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி, உள்ளே கம்பி ஓடுகிற குட்டைக்கயிறு. கம்பி இருப்பதால் அருவாள் தவறிப் பட்டாலும் ஒரே வெட்டில் போகாது. முதலில் அதைச் சும்மா சுற்றிப் போட்டுப் பார்த்தோம். பத்தடி உயரத்தில் வேண்டுமென்றே காலைத் தளர்த்தினேன், கயிறு என்னோடு சேர்ந்து வழுக்கி இறங்கியது. நெஞ்சு உரசியது. அப்பா கீழேயிருந்து, "சுருக்கு போடு தம்பி, மாட்டுக்குப் போடுற மாதிரி" என்றார். சுருக்காக மாற்றினோம். ஆள் எடை விழுந்த உடனே மரத்தைக் கவ்விப் பிடித்தது. இப்போது ரெண்டடி ஏறுவேன், சுருக்கைத் தளர்த்தி மேலே தள்ளுவேன், மறுபடி ரெண்டடி. கொண்டைக்குக் கீழே போனதும் அகலப் பட்டை ஒன்றைத் தண்டில் சுருக்கிட்டு, அதில் ரெண்டாவது கயிறு. அதை மாட்டி, எடை போட்டுப் பார்த்த பிறகுதான் மட்டைக்குள் நுழைவது. தண்டில்தான் கட்ட வேண்டும், எந்த மட்டையிலும் கட்டக் கூடாது, எவ்வளவு பச்சையாக இருந்தாலும்.

மேலே இருந்து சொல்கிறேன், அந்த ரெண்டாவது கயிறு இருந்தால் கை ரெண்டும் வேலைக்குக் கிடைக்கும். அப்பா ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டினார். நான் குலையை இடது கையில் தாங்கி, வலது கையில் நிதானமாக அறுக்கிறேன். குருத்தைப் பார்க்க நேரம் இருக்கிறது. காண்டாமிருக வண்டு வெட்டிய விசிறி மட்டை தெரிந்தால் கம்பியை விட்டு வண்டை எடுத்துவிட்டு இறங்குகிறேன்.

உடுப்பு விஷயத்தில் சிங்கப்பூர்க் கால்சட்டையைத் தென்னைக்குப் போடுவதில்லை. மோட்டார் ரம்பம் பிடிக்கிற நாளில் மட்டும்தான், அன்றைக்குச் சித்திரை வெயிலானாலும் போட்டே ஆக வேண்டும். மற்ற நாளில் பழைய பருத்திப் பேண்ட், முழுக்கைச் சட்டை, காலர் வரை பட்டன். முசுறு எறும்புக் கூடு இல்லாத தோப்பு உண்டா? வெறும் உடம்பில் அறுபதடி உயரத்தில் முசுறு ஏறினால் கை தானாக மரத்தை விட்டுத் தட்டப் போகும். இப்போது சுருள் வெள்ளை ஈ வந்த பிறகு இன்னொரு தொல்லை. அது விடுகிற தேன் மாதிரிப் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படர்ந்து, மட்டை முழுக்கக் கரி பூசியது போல இருக்கிறது. ஏறி இறங்கினால் ஆளும் கறுப்பு, கயிறும் கறுப்பு. கண்ணுக்குக் கண்ணாடி. அப்பா கண்ணாடி இல்லாமல் முப்பது வருஷம் பன்னாடைத் தூசியைக் கண்ணில் வாங்கினார். இப்போது மாலையில் அவர் கண் சிவந்து நீர் வடிவதைப் பார்க்கிறேன்.

எந்த உடுப்பும் காப்பாற்றாத ரெண்டு இருக்கிறது. ஒன்று கதண்டு, மரத்தில் கூடு கட்டுகிற பெரிய குளவி. எங்கள் மாவட்டத்தில் கதண்டு கொட்டி ஆள் சாவது புதுச் செய்தியில்லை. ஏறுவதற்கு முன் மரத்தை நாலு பக்கமும் சுற்றி வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கூடு தெரிந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகக் கூடாது. இன்னொன்று கரண்டு கம்பி. அலுமினியத் தொரட்டியோடு கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்பது பதில் ஆகாது.

ஏறுகிற சாமான் எல்லாம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கட்டுகிற மரம் நிற்க வேண்டும் இல்லையா. தஞ்சாவூர் வாடல் என்று நம் மாவட்டத்துப் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது. 1952 புயலுக்குப் பிறகு இங்கே கண்டுபிடித்தது. மண்ணுக்குள் இருந்து ஒரு பூசணம் வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும். மேலே குலை இருக்கும், அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருக்கும். அப்பா அருவாள் பிடியால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுப்பார். கணீர் என்றால் ஏறு, பொத்தென்றால் இறங்கு என்பார். சிங்கப்பூரில் ரப்பர் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நான் இன்றும் அருவாள் பிடிதான்.

மரம் ஏறும் கருவியைப் பற்றிக் கேட்பீர்கள். கேரளத்துச் செம்பேரியில் உருவான அந்த ரெண்டு சட்டக் கருவி நல்ல கருவி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய பயிற்சியில் ஆறே நாளில் ஆணும் பெண்ணும் அதில் ஏறக் கற்றுக்கொள்கிறார்கள். பரம்பரையாக ஏறாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் கருவி கொண்டைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறது, விழாமல் பிடிப்பதற்குத் தனியாக ஒன்று வேண்டும். காசர்கோட்டில் இருக்கிற மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கென்றே ஒரு பாதுகாப்பு இணைப்பு செய்திருக்கிறது. கருவி வாங்குகிறவர்கள் அதையும் கேட்டு வாங்குங்கள். வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். அப்பா விழுந்தபோது எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை.

கூலிக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பா ஒரு நாளில் அறுபது மரம் ஏறினார். நான் முப்பத்தைந்து. சுருக்கைத் தள்ளித் தள்ளி ஏறுவதற்கும், ரெண்டாவது கயிறு கட்டுவதற்கும், அவிழ்ப்பதற்கும் நேரம் போகிறது. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை வேகமாக ஏறுகிறவனுக்குத்தான் காசு. அதனால் நான் மரத்துக்குக் கூடக் கேட்கிறேன். சில தோப்புக்காரர்கள் கொடுக்கிறார்கள். சிலர், "ஒங்கப்பா இதெல்லாம் மாட்டிக்கிட்டா ஏறுனாரு?" என்கிறார்கள். அவர்களிடம் அப்பா எப்படி நடக்கிறார் என்று பார்க்கச் சொல்கிறேன்.

மல்லிப்பட்டினம் துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக் கடைகளில் பச்சையும் நீலமுமாக விற்கிற பிளாஸ்டிக் கயிற்றைப் பையன்கள் வாங்கி இடுப்பில் கட்டுகிறார்கள். வலை கட்ட, வைக்கோல் கட்ட அது போதும். ஆள் தொங்க ஆகாது. வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும், உரசினால் இளகும். கையில் காசு குறைவென்றால் மற்றதெல்லாம் பிறகு வாங்கலாம். தொடைவார் உள்ள ஹார்னஸ், தரம் போட்ட கயிறு, பூட்டுக் கொக்கி ரெண்டு, வார் உள்ள தலைக்கவசம், இந்த நாலையும் முதலில் வாங்குங்கள். அப்புறம் கீழே ஒரு ஆள். ஹார்னஸில் அசையாமல் ரொம்ப நேரம் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி ஆள் மயங்குவான், உயிருக்கே ஆபத்து. விழாமல் பிடித்ததோடு வேலை முடியவில்லை, இறக்க ஆள் வேண்டும். எனக்குக் கீழே நிற்கிற ஆள் அப்பாதான். கட்டையில் உட்கார்ந்துகொண்டு கயிற்றின் வாலைக் கையில் பிடித்திருப்பார், கண் கொண்டையிலேயே இருக்கும்.

இப்போது ரெண்டு பையன்கள் என்னிடம் பழகுகிறார்கள். அதில் ஒருவனின் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இறந்தவர். மகனை அனுப்பலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார், ஆனால் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஹார்னஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பீடி இலை வெட்டிப் பழகிய விரல்கள். தையலை நகத்தால் நெருடி நெருடிப் பார்த்தார். வாரை ரெண்டு கையாலும் பிடித்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, முகம் சிவக்க இழுத்தார்.

"இது எத்தன வருசம் தாங்கும் தம்பி?"

உள்பக்கம் தைத்திருந்த சீட்டைத் திருப்பி, செய்த தேதியைக் காட்டினேன். பத்து வருஷத்துக்கு மேலே எப்படி இருந்தாலும் போடக் கூடாதுக்கா, அதுக்கு முன்னாடி நூலு தேஞ்சாலே தூக்கிப் போட்டுருவேன் என்றேன். எங்கே தேயும் என்று கேட்டார். தொடைவார் வளையத்தில் நுழைகிற இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தை இன்னொரு தடவை நெருடிப் பார்த்துவிட்டு, "ஏறுறதுக்கு முன்னாடி தெனமும் இத அவன் கையாலயே பாக்கச் சொல்லு" என்றார்.